மரண நேரம் முதல் ஆண்டுத் திவசம் வரை: முதன்முறை கடமை செய்பவருக்கு

அப்பா காலமானபோது கொள்ளி வைத்தது தம்பி. மற்றதெல்லாம் என் பொறுப்பில் வந்தது. இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தாய் தகப்பன் கடைசிக் காலத்தில் மகளோடு இருப்பதே பெரும்பாலும் வழமை. அதனால் செத்தவீடும் மகள் வீட்டில்தான் நடக்கும். ஐயரைத் தேடுவது, ஜீ.எஸ்.ஸை, அதாவது கிராம சேவையாளரைப் பார்ப்பது, பந்தல் கூலி கொடுப்பது எல்லாம் அவள் தலையில் விழும். யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். எது கட்டாயம், எதற்குத் தவணை இருக்கிறது, எது ஊர் வாய்க்குப் பயந்து செய்வது என்று பிரித்துச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்க முன் ஒன்று. காசு செலவழிக்கும் ஒவ்வொரு இடத்திலும் உங்களையே கேளுங்கள்: இது போன உயிருக்கா, வந்த சனத்துக்கா? இரண்டும் வேண்டியவைதான். ஆனால் கை இறுகும்போது முதலாவதைக் குறைக்கக் கூடாது, இரண்டாவதைத் தாராளமாகக் குறைக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து கடனாளியாகிறார்கள்.

1. மூச்சு நின்ற நேரத்தை எழுதுங்கள்

மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். இனி வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் திவசம் இந்த நேரத்தில் தங்கியிருக்கிறது. ஆங்கிலத் திகதிக்குத் திவசம் கொடுப்பதில்லை. இறந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, அந்த வேளையில் நின்ற திதி என்ற மூன்றையும் வைத்தே நாள் பார்ப்பார்கள்.

இங்கே மூன்று இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

திதி நள்ளிரவில் மாறுவதில்லை. காலை பத்தரைக்கு மாறும், மாலை நாலுக்கு மாறும். "விடியப்புறம்", "மத்தியானம்போல" என்று சொன்னால் ஐயருக்குக் கணிக்க முடியாது.

பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். ஒருவர் 14ஆம் திகதி அதிகாலை 3 மணிக்குப் போனால் சான்றிதழில் 14 என்று இருக்கும்; பஞ்சாங்கக் கணக்கில் அது 13ஆம் திகதிக்குரிய நாள். ஆகவே நேரத்தோடு சேர்த்தே சொல்லுங்கள்.

வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு புழக்கத்தில் உள்ளன. சில நாட்களில் இரண்டிலும் திதி முடியும் நேரம் மணிக்கணக்கில் வேறுபடும். உங்கள் வீட்டில் முன்பிருந்து எதைப் பார்த்தார்களோ அதையே பாருங்கள். வருடத்துக்கு வருடம் மாற்றினால் அண்ணன் ஒரு நாளும் தங்கச்சி ஒரு நாளும் திவசம் கொடுக்கும் நிலை வரும். இறந்த நாளின் பஞ்சாங்கப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வெளிநாட்டில் உள்ள சகோதரர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு தாளில் இறந்தவரின் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களையும், தாய்வழியில் அதே மாதிரி மூன்று பெயர்களையும் எழுதுங்கள். 31ஆம் நாள் ஐயர் இதைக் கேட்பார். பூட்டன் பெயர் தெரிந்த கிழவர் கிழவிகள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது செத்தவீட்டில்தான். அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

2. எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு

மரணம் நிகழ்ந்த இடம் எந்தப் பதிவாளர் பிரிவில் வருகிறதோ அங்கேதான் பதிய வேண்டும். வீடு எந்த ஊரில் என்பது கணக்கில்லை. எங்கள் ஆட்கள் அடிக்கடி மாட்டுப்படுவது இதில். நோயாளியைக் கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோயிருப்பார்கள், அங்கே உயிர் போகும், உடலை ஏற்றிக்கொண்டு அவசரமாக ஊருக்கு வந்துவிடுவார்கள். பிறகு சான்றிதழுக்காக ஒருவர் திரும்ப அங்கே போக வேண்டும். உடலோடு புறப்பட முன் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, வைத்தியசாலைக்குரிய மரணப் பதிவாளரிடம் வேலையை முடிக்கச் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் இறந்தால், மரண காரணத்தை வைத்தியர் எழுதிக் கொடுக்கும் படிவம் வேண்டும். வீட்டில் நோயாலோ வயதாலோ இறந்தால், கிராம சேவையாளரிடம் அறிவித்து அவரது அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போக வேண்டும். விபத்து, தற்கொலை, பாம்புக்கடி, திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை உடலை அசைக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். பிரேத பரிசோதனைக்கு அனுப்பினால் உடல் கைக்கு வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்கு முன் அடக்க நேரத்தை அறிவித்துவிடாதீர்கள்.

கொண்டுபோக வேண்டியவை: இறந்தவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அறிவிப்பவரின் அடையாள அட்டை. எல்லாவற்றிலும் முன்பே போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள். மூலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் கையில் ஒன்றாவது இருக்கும்.

வீட்டில் நடந்த மரணத்தை 5 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 3 மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு: சத்தியக் கடதாசி, மேலதிக மாவட்டப் பதிவாளர், இழுபறி. காலத்தில் பதிந்தால் பதிவுக்குக் காசில்லை, முதல் சான்றிதழும் இலவசம். அதன் பிறகு எடுக்கும் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் சிறு கட்டணம் உண்டு. ஐந்தாறு பிரதிகளாவது ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

கையெழுத்திட முன் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி இருப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். எனக்கு மிகக் கூடுதலாக இழுபட்டது இதுதான். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததற்காக, இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, ஜீ.எஸ். கடிதம் எடுத்து, ஒரு கந்தோர் ஏற்றுக்கொண்டதை அடுத்த கந்தோர் ஏற்காமல், மாதக்கணக்கில் போனது. வயதான பெற்றோர் உயிரோடு இருக்கும் வீடென்றால், இன்றைக்கே அவர்களின் பத்திரங்களை எடுத்துப் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

3. அடக்கமா, தகனமா

எங்கள் பக்கத்தில் இரண்டும் உண்டு. பல ஊர்களில் அடக்கம் செய்வதே வழமை. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் "சைவக்காரர் எரிக்கத்தானே வேண்டும்" என்று செத்தவீட்டில் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் குடியில் (தாய்வழி வம்சத்தில்) என்ன முறை என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். இறந்தவர் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருந்தால் அதைச் செய்யுங்கள். அடக்கம் செய்தால் கரைக்க அஸ்தி இல்லையே என்று பயப்பட வேண்டாம். தர்ப்பையிலும் கல்லிலும் ஆன்மாவை ஆவாகனம் செய்து கிரியை நடக்கும்.

மயானம் எந்தச் சபையின் கீழ் என்று பார்த்து, மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதியும் கட்டணமும் கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் கந்தோர் பூட்டியிருக்கும். அப்போது மரண உபகார சங்கத்தின் செயலாளரைப் பிடித்தால் வழி சொல்வார்.

தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது பொது வழக்கம். வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை வைத்திருப்பதென்றால் எம்பாம் செய்ய (உடல் கெடாமல் மருந்தேற்ற) வேண்டும். கட்டுநாயக்காவில் இறங்கியபின்னும் மட்டக்களப்புக்கு ஆறேழு மணித்தியாலம் ஓட்டம் இருக்கிறது. அக்கரைப்பற்று, திருக்கோவில் என்றால் இன்னும் கூடும். அதையும் கணக்கில் எடுத்து நேரம் குறியுங்கள். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் பந்தல், கதிரை, லைற், தேத்தண்ணி, சாப்பாடு என்று செலவு ஏறும். மகனால் வர முடியாவிட்டால் பேரன், மருமகன், சகோதரன் தர்ப்பை வாங்கிச் செய்யலாம். அதில் குறை ஒன்றுமில்லை. விசா கிடைக்காமல் அங்கே இருந்து அழும் பிள்ளையிடம் குற்றம் சொல்லாதீர்கள்.

4. செத்தவீட்டுச் செலவு

மரண உபகார சங்கத்தில் இறந்தவர் உறுப்பினரா, சந்தா கட்டி முடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல சங்கங்கள் கதிரை, பந்தல், பாத்திரம் தருவதோடு ஒரு தொகைக் காசும் கொடுக்கும். அயலவர் சமைத்துக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உடல் எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை.

மலர்ச்சாலையில் பேசும்போது பெட்டி, எம்பாம், வாகனம் மூன்றுக்கும் தனித்தனி விலை கேட்டு எழுதி வாங்குங்கள். "எல்லாம் சேர்த்து" என்று பேசினால் கடைசியில் மலர் வளையமும் மெழுகுதிரியும் கணக்கில் ஏறியிருக்கும். பெட்டியில்தான் விலை வித்தியாசம் கூட. போன உயிருக்கு அந்தப் பெட்டியால் ஆவது ஒன்றுமில்லை.

பறை மேளக்காரர், கட்டாடியார் (சலவைத் தொழிலாளர்), குழி வெட்டுபவர் ஆகியோருக்குக் கொடுப்பதைக் குறைக்காதீர்கள். அவர்கள் வராவிட்டால் கடமை நடக்காது. மரியாதையாக, கேட்காமலே, அன்றைக்கே கொடுங்கள்.

சுண்ணம் இடித்தல், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தல், வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் இவற்றுக்கான பொருட்களை ஐயர் தரும் பட்டியல்படி ஒருவரே வாங்கட்டும். இரண்டு பேர் போனால் எல்லாம் இரண்டு தடவை வரும்.

அம்மாவின் தாலியை எல்லோர் முன்னும் கழற்றுவது பற்றி யாராவது அவசரப்படுத்துவார்கள். போகும் உயிரின் பயணத்துக்கு அது தேவையில்லை என்பதே என் உறுதியான எண்ணம். அம்மா என்ன விரும்புகிறார் என்று தனியாகக் கேளுங்கள். அவர் சொன்னதற்கு நீங்கள் காவல் நில்லுங்கள்.

5. எட்டாம் நாள் வரை: அந்த உயிர் எங்கே?

இதை விளங்கிக்கொண்டால்தான் எந்தக் கிரியை எதற்கு என்று தெரியும். தெரிந்தால்தான் எங்கே சுருக்கலாம் என்றும் தெரியும்.

சைவ சித்தாந்தம் சொல்வது இது. ஆன்மா பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை. பதியாகிய இறைவன், பசுவாகிய ஆன்மா, ஆன்மாவைக் கட்டும் பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. சாவில் விழுவது பருவுடல் மட்டும். மனம், புத்தி முதலியவை சேர்ந்த நுண்ணுடலோடு, தான் செய்த வினையைச் சுமந்துகொண்டு ஆன்மா புறப்படுகிறது. சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம். இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்த பங்கு பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். சொர்க்கமோ நரகமோ நிரந்தரமல்ல. அங்கே அனுபவித்துக் கழிந்த மிச்சத்தோடு ஆன்மா மறுபடி ஒரு கருவில் வரும். ஆன்மாவைப் பிடித்த அழுக்காகிய மலம் பக்குவப்பட்டு இறைவன் அருள் பதிந்தால் இந்தச் சுற்று நிற்கும், அதுதான் முத்தி. மரண வீட்டில் சிவபுராணம் படிப்பது இதனால்தான். பல பிறவி எடுத்து இளைத்த ஆன்மா இறைவனிடம் அடைக்கலம் கேட்கும் பாட்டு அது. ஒலிநாடாவைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு கதை கதைக்காமல், நாலு பேர் இருந்து வாய்விட்டுப் படியுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கிரியைகளுக்கு அடிப்படையான வரைபடம் கருட புராணத்திலிருந்து வருகிறது. உடலை விட்ட உயிர் முதலில் பிரேத நிலையில், பசி தாகத்தோடு, இருந்த இடத்தைச் சுற்றியே நிற்கும். முதல் பத்து நாளும் பிள்ளைகள் இடும் பிண்டத்தால், தலையில் தொடங்கி அங்கம் அங்கமாக, பயணத்துக்கு ஒரு உடல் உருவாகும். அதன் பிறகே யமபுரி நோக்கிய ஓராண்டு நடை தொடங்கும். ஆகவே அந்த நாட்களில் உயிருக்கு வேண்டியது எள்ளும் தண்ணீரும் சோறும் விளக்கும்.

எட்டாம் நாள் படையலில் அவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்து வைப்பார்கள். வீட்டாரும் நெருங்கிய சொந்தமும் போதும். எட்டுக்கே ஊரை அழைத்து இலை போடும் வழக்கம் இப்போது பரவுகிறது. அதைத் தயங்காமல் தவிர்க்கலாம்.

தகனம் செய்தவர்கள் காடாற்றி (சுடலைச் சாம்பலை ஆற்றி) எடுத்த அஸ்தியைக் கடலிலோ வாவியிலோ கரைக்கலாம். கல்லடிக் கடற்கரை, முகத்துவாரம், திருக்கோவில் கடல் எல்லாம் பக்கத்திலேயே உள்ளன. திருகோணமலைக்கும் கீரிமலைக்கும் கொண்டுபோகிறவர்களும் உண்டு. வசதி இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் இங்குள்ள நீரில் கரைத்ததால் உயிருக்கு ஒரு குறையும் வராது.

6. முப்பத்தோராம் நாள்

பொதுவாக இறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஐயரிடம் முதல் வாரத்திலேயே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். திருவிழாக் காலத்தில் ஐயர் கிடைப்பது கஷ்டம். இறந்தவர் தீட்சை பெற்றவரா என்று அவர் கேட்பார், அதற்கேற்ப அந்தியேட்டி (ஈமக் கிரியை) முறை மாறும். இதைத் தெரிந்து வைத்திருங்கள். குருக்கள்மார் ஊருக்கு ஊர், குடிக்குக் குடி வேறுபடுவதும் எங்கள் பகுதியின் இயல்பு. உங்கள் வீட்டுக்கு முன்பு வந்தவரின் வழியில் போவதே சிக்கலற்றது.

அன்றைய கிரியைகளில் மிக முக்கியமானது சபிண்டீகரணம். இறந்தவருக்கான பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, அவருடைய தகப்பன், பாட்டன், பூட்டன் பிண்டங்களோடு சேர்ப்பார்கள். பிரேத நிலை நீங்கி அவர் பிதிரர் (முன்னோர்) வரிசையில் சேர்வது அந்த நேரத்தில்தான். முதல் நாளே பெயர் எழுதச் சொன்னது இதற்காக. வீடியோக்காரரை அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கிட்ட இருந்து பார்க்கட்டும். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று சொல்லலாம்.

தானப் பொருட்கள்: குடை, செருப்பு, பாய், செம்பு, விளக்கு, வேட்டி, அரிசி, மரக்கறி. குடையும் செருப்பும் வெயிலும் முள்ளுமான யமவழிக்கு. தரம் சுமாராக இருந்தாலும் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஐயரின் தட்சணை, பொருட்கள், உதவியாளர் கூலி மூன்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கேட்பதில் அவமரியாதை இல்லை.

பெரும் பணம் போவது அமுதுக்கு, அதாவது சாப்பாட்டுக்கு. எங்கள் கணக்கில் பாதிக்கு மேல் அதற்கே போனது. அழைப்புப் பட்டியலை ஒருவர் மட்டும் வைத்திருங்கள். இரவல் வாங்கிச் சாப்பாடு போடாதீர்கள். வந்தவர் வயிறு நிறைந்தால் இறந்தவர் ஆன்மா குளிரும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் பசித்தவர் வயிறு நிறைந்தால் இன்னும் குளிரும். ஒரு முதியோர் இல்லத்துக்கோ சிறுவர் இல்லத்துக்கோ ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துவிட்டு வீட்டில் சிறிதாகச் செய்தவர்களைத் தெரியும். ஊர் ஒரு கிழமை கதைத்தது, பிறகு மறந்தது.

துடக்கு (மரணத் தீட்டு) இந்த நாளோடு கழியும். அதுவரை கோயிலுக்குள் போவதில்லை. கந்தோர் வேலைக்குத் துடக்கு இல்லை. 31 கழியட்டும் என்று பேப்பர் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

7. பேப்பர் வேலையில் விடக்கூடாதவை

ஓய்வூதியம் பெற்றவர் என்றால் உடனே பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு அறிவியுங்கள். இறந்த பின் கணக்கில் விழுந்த காசைத் திரும்பக் கட்ட வேண்டிவரும். துணைவருக்கான ஓய்வூதியத்துக்கு விவாகச் சான்றிதழ் வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதியாமல் வாழ்ந்த பழைய தம்பதிகளுக்கு இங்கே சிக்கல் வரும். பெற்றோர் இருக்கும்போதே இதைச் சரிசெய்யுங்கள். தனியார் வேலையில் இருந்தவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் தனித்தனி விண்ணப்பங்கள்.

வயல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். காணி அரச அனுமதிப்பத்திரத்தில் இருந்தால், பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் காணியை உடமையில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரது உரிமை தவறிப்போகும். இறந்தவரின் துணைவர் இருந்தால் அவருக்கு ஆயுள் உரிமை உண்டு. மரணச் சான்றிதழோடு பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போய், பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உறுதிக் காணியும் பெரிய வங்கி வைப்பும் என்றால் சட்டத்தரணியிடம் போங்கள்.

8. "பஞ்சமியில் போயிட்டார்" என்று யாராவது சொன்னால்

அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய ஐந்து நட்சத்திரங்களில் இறந்தால் தனிஷ்டா பஞ்சமி தோஷம் என்பார்கள். இதற்கு ஐயர் செய்யும் சாந்தி உண்டு. உங்கள் ஐயரிடம் மட்டும் கேளுங்கள். செத்தவீட்டுக்கு வந்து "ஆவி அலையுது, வீட்டைப் பூட்ட வேணும், பெரிய பரிகாரம் செய்ய வேணும்" என்று தொகை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் பயத்தை விற்பது பாவம். பத்து நாளும் மனதாரப் பிண்டமிட்டு 31ஐ முறையாகச் செய்தவர் வீட்டில் எந்த உயிரும் அலையாது.

9. ஓராண்டும் அதன் பிறகும்

மாதம் மாதம் திதியில் மாசிகம் உண்டு. முடியாதவர்களுக்கு அவற்றைச் சேர்த்துச் செய்யும் முறையும் இருக்கிறது, ஐயரிடம் கேளுங்கள். ஆண்டுத் திவசத்தைத் திதி பார்த்து வையுங்கள். அது ஆங்கிலத் திகதிக்கு முன்னோ பின்னோ விழும். வெளிநாட்டிலிருந்து வருபவர் ரிக்கற் எடுக்க முன்பே நாளைச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். அப்பப்பா எங்கேயோ மறுபடி பிறந்திருந்தால் நாம் கொடுக்கும் பிண்டம் யாருக்குப் போகும்? வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, "அவர்தான் வந்திருக்கிறார்" என்று எல்லோரும் சொல்லும்போது இந்தக் கேள்வி இன்னும் பலமாக வரும். மரபு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தகப்பன், பாட்டன், பூட்டன் மூவரும் வசுக்கள், உருத்திரர்கள், ஆதித்தியர்கள் என்ற பிதிர் தேவதைகளின் வடிவில் நினைக்கப்படுகிறார்கள். கொடுப்பதை அந்தத் தேவதைகள் ஏற்று, அந்த ஆன்மா எந்தப் பிறவியில் இருக்கிறதோ அங்கே அதற்கு ஏற்ற உணவாக, நன்மையாகச் சேர்ப்பார்கள். ஆகவே மறுபிறவி எடுத்திருப்பார் என்பதால் திவசத்தை நிறுத்த வேண்டியதில்லை.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர்கள் சித்திரைப் பௌர்ணமியிலும் விரதம் இருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளமும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடற்கரையும் சனத்தால் நிறையும். தர்ப்பணம் கொடுப்பதென்றால் விடிய முன் போய்விடுங்கள். எள், தர்ப்பை, பச்சையரிசி, வாழைக்காய், மாற்றுடுப்பு, தட்சணைக்குச் சில்லறை, மூன்று தலைமுறைப் பெயர் எழுதிய தாள் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஒரு பையில் போட்டு வையுங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போனால் குளத்தின் படியிலும் கடலிலும் கையைப் பிடித்தபடியே இறக்குங்கள்.